மணி வடிவம் இல்லாத டேட்டாவுக்கு ஒரு கண்ட்ரோல் சார்ட்

மூன்றாம் ஆண்டு முடிந்த லீவில் கோயம்புத்தூரில் மோட்டார் ஷாஃப்ட் செய்யும் ஒரு கம்பெனிக்கு நாலு வாரம் இன்டர்ன்ஷிப் போயிருந்தேன். கிரைண்டிங் செக்‌ஷனில் ஒரு மெஷின் பக்கத்தில் என்னை நிறுத்திவிட்டார்கள். அரை மணிக்கு ஒரு ஷாஃப்டை எடுத்து வி-பிளாக்கில் வைத்துச் சுற்றி, டயல் கேஜ் ஊசி எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஆட்டத்துக்குப் பெயர் ரன்னவுட். அதை மைக்ரானில் எழுதி, சுவரில் தொங்கும் கண்ட்ரோல் சார்ட்டில் புள்ளி வைக்க வேண்டும். புள்ளி சிவப்புக் கோட்டைத் தாண்டினால் மெஷினை நிறுத்தி, காரணம் தேடி, ஆபரேட்டர் ஒரு விளக்கச் சீட்டு எழுதித் தர வேண்டும்.

இரண்டாம் நாளே ஒரு புள்ளி தாண்டியது. நான் பதறிப்போய் ஆபரேட்டர் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அட, அது அப்படித்தானுங்க தம்பி. வாரத்துல மூணு நாலு வாட்டி கத்தும். நின்னு பாத்தா ஒண்ணும் இருக்காது. சீட்டு மட்டும் எழுதிக்கலாம், விடுங்க" என்றார்.

மூன்றாம் வாரம் மெஷினில் நிஜமாகவே சென்டர் தேய்ந்துவிட்டது. ஒரே ஷிப்டில் இரண்டு புள்ளிகள் சிவப்புக் கோட்டுக்கு மேலே போயின. வழக்கம்போல யாரும் கண்டுகொள்ளவில்லை. டெஸ்ட் பெஞ்சில் மோட்டார் சத்தம் போட்ட பிறகுதான் தெரிந்தது. அதற்குள் இரண்டு ஷிப்ட் உற்பத்தி போய்விட்டது, மெமோ அந்த அண்ணனுக்கு வந்தது. அலாரம் அடித்தும் கவனிக்கவில்லை என்பது அவர் மேல் குற்றச்சாட்டு.

தப்பு அவருடையது மட்டும்தானா? அந்தச் சார்ட் ஏன் அத்தனை தடவை பொய் சொன்னது? இதைத் தேடப் போய்த்தான் நான்-பாராமெட்ரிக் கண்ட்ரோல் சார்ட் என்ற விஷயத்தில் வந்து நின்றேன். நம் சிலபஸில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் ப்ளஸ் டூ நிகழ்தகவு தெரிந்தால் போதும், புரிந்துவிடும்.

முதலில், சிவப்புக் கோடு என்ன வாக்குறுதி தருகிறது என்று பார்ப்போம். 1924 மே மாதம் வால்டர் ஷூவார்ட் ஒரே பக்கத்தில் எழுதிய குறிப்பில்தான் கண்ட்ரோல் சார்ட் பிறந்தது. சராசரிக்கு இருபுறமும் 3 சிக்மா தூரத்தில் கோடு. டேட்டா மணி வடிவ நார்மல் டிஸ்ட்ரிபியூஷனாக இருந்தால், மெஷின் நன்றாக ஓடும்போது ஒரு புள்ளி வெளியே விழ வாய்ப்பு 0.0027. அதாவது சராசரியாக 370 புள்ளிக்கு ஒரு பொய் அலாரம். இந்த 370-ஐத்தான் ஆவரேஜ் ரன் லெங்த் என்கிறார்கள். பரீட்சைக்கு நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த எண். அதற்கு முன்னால் இருக்கும் "நார்மலாக இருந்தால்" என்ற சொல்லை மட்டும் கண் தாண்டிவிடுகிறது. ஷூவார்ட்டைக் குறை சொல்ல முடியாது. அவர் 3 சிக்மாவை நார்மல் வளைவின் தேற்றமாக முன்வைக்கவில்லை, நடைமுறையில் கட்டுப்படியாகிற அளவு என்றுதான் வைத்தார். எந்த டிஸ்ட்ரிபியூஷனுக்கும் பொருந்தும் உத்தரவாதம் வேண்டுமென்றால் செபிஷேவ் சமன்பாடின்மை ஒன்றுதான் கைவசம் உண்டு. 3 சிக்மாவுக்கு வெளியே அதிகபட்சம் 9-ல் 1 பங்கு விழலாம் என்கிறது அது. 370 எங்கே, 9 எங்கே!

இப்போது ரன்னவுட்டைக் கவனியுங்கள். ஷாஃப்டின் மையம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து கிடைமட்டமாகக் கொஞ்சம், செங்குத்தாகக் கொஞ்சம் விலகுகிறது. இந்த இரண்டு விலகலும் அழகான நார்மல் என்றே வைத்துக்கொள்வோம், சம அளவு பரவல் என்றும் வைத்துக்கொள்வோம். ஆனால் டயல் கேஜ் அளப்பது விலகிய தூரத்தை. பிதாகரஸ் போட்டு வர்க்கமூலம் எடுத்தது. தூரம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, வலது பக்கம் மட்டும் வால் நீளும். இதற்கு ரேலே டிஸ்ட்ரிபியூஷன் என்று பெயர். ஆக, மூலக் காரணம் இரண்டும் நார்மலாக இருந்தாலும் அளவீடு நார்மல் இல்லை.

ரேலேவுக்கு 3 சிக்மா கோடு போட்டால் கீழ்க்கோடு பூஜ்யத்துக்கும் கீழே போய் உபயோகமில்லாமல் ஆகிறது. மேல்கோட்டைத் தாண்டும் வாய்ப்பு 0.0056. எனவே 370 என்பது 178 ஆகிவிடுகிறது. வால் இன்னும் நீளமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எக்ஸ்போனென்ஷியல் டேட்டாவை எடுங்கள், மெஷின் ஒரு தடவை நின்றதற்கும் அடுத்த தடவை நிற்பதற்கும் இடைப்பட்ட நேரம் மாதிரி. சராசரி 1, சிக்மாவும் 1, மேல்கோடு 4. அதைத் தாண்டும் வாய்ப்பு 0.0183. அதாவது 55 புள்ளிக்கு ஒரு பொய். நம்பிக்கை இல்லாவிட்டால் எக்ஸெல்லைத் திறந்து, ரேண்ட் ஃபங்ஷன் தரும் எண்ணுக்கு இயற்கை லாக் எடுத்து, மைனஸ் குறி போட்டு, 1000 வரிசைக்கு இழுத்துவிடுங்கள். 4-ஐத் தாண்டியவற்றை எண்ணினால் 18-ஐ ஒட்டி வரும்.

நான் நின்ற மெஷினில் நாளைக்கு 48 ரீடிங், ஆறு நாள் வாரத்துக்கு 288. 370 கணக்குப்படி வாரத்துக்கு ஒரு பொய்கூட முழுசாக வரக்கூடாது. ரேலே கணக்கில் ஒன்றரைக்கு மேல், எக்ஸ்போனென்ஷியல் கணக்கில் ஐந்து. பழைய ரீடிங்குகளை வைத்து ஹிஸ்டோகிராம் போட்டுப் பார்த்தபோது வால் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தது. அண்ணன் சொன்ன "மூணு நாலு வாட்டி" துல்லியமான புள்ளியியல்.

இந்த இடத்தில் வகுப்பில் யாராவது கை தூக்குவார்கள்: "சென்ட்ரல் லிமிட் தியரம் இருக்கே, அஞ்சு அஞ்சா எடுத்து சராசரி போட்டா நார்மல் ஆயிடாதா?" நானும் அப்படித்தான் நினைத்தேன். எக்ஸ்போனென்ஷியலில் ஐந்து ஐந்தாகச் சராசரி எடுத்தால் பொய் அலாரம் வாய்ப்பு 0.0093, ஆவரேஜ் ரன் லெங்த் 107. 55-ஐ விடப் பரவாயில்லை, 370-க்குப் பக்கத்தில்கூட இல்லை. அந்தத் தேற்றம் வளைவின் நடுப்பகுதியைச் சீக்கிரம் சரிசெய்யும், வாலைச் சரிசெய்ய நிறைய சாம்பிள் கேட்கும். கண்ட்ரோல் சார்ட் வாழ்வதே வாலில்தான்.

லாக் எடுத்து டேட்டாவை நார்மல் ஆக்கிவிடலாம் என்பது இன்னொரு வழி. தப்பில்லை. ஆனால் லாக் மைக்ரானில் இருக்கும் சார்ட்டை ஷாப் ஃப்ளோரில் யார் படிப்பார்கள்? எனக்கே இரண்டு நிமிஷம் ஆகும்.

சரி, டிஸ்ட்ரிபியூஷனே தெரியாமல் பொய் அலாரத்தின் அளவை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியுமா? முடியும். அளவை விட்டுவிட்டுப் பக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும். மெஷின் நன்றாக ஓடும்போது ரன்னவுட்டின் மீடியன் 8 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். மீடியன் என்றாலே பாதி மேலே, பாதி கீழே. வளைவு மணியாக இருந்தாலும் சறுக்குமரமாக இருந்தாலும் அடுத்த ஷாஃப்ட் 8-க்கு மேலே வர வாய்ப்பு சரியாக ½. ஆக எந்த டேட்டாவும் நாணயம் சுண்டுவதாக மாறிவிடுகிறது. நாணயத்தின் கணக்கு நமக்கு அத்துப்படி.

இந்த யோசனை கண்ட்ரோல் சார்ட்டை விட இரண்டு நூற்றாண்டு பழையது. 1710-ல் ஜான் அர்பத்நாட் என்ற லண்டன் மருத்துவர் அந்த ஊர் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினார். 82 ஆண்டுகள் தொடர்ந்து ஆண் குழந்தைகளே அதிகம். இது தற்செயல் என்றால் ½-ஐ 82 தடவை பெருக்கிய வாய்ப்புதான் என்று கணக்குப் போட்டார். இன்று சைன் டெஸ்ட் என்று படிப்பது இதைத்தான்.

இதையே சார்ட்டாக மாற்றுவோம். 10 ஷாஃப்டை எடுத்து 8-க்கு மேலே எத்தனை என்று எண்ணுங்கள். பத்தும் மேலே அல்லது பத்தும் கீழே என்றால் அலாரம். பொய் அலாரம் வாய்ப்பு 1024-ல் 2, அதாவது 512 குழுவுக்கு ஒன்று. இது ரேலேவுக்கும் சரி, எக்ஸ்போனென்ஷியலுக்கும் சரி, பெயரே இல்லாத டிஸ்ட்ரிபியூஷனுக்கும் சரி. கீழே போவதற்கும் ஏன் அலாரம் என்று கேட்கலாம். ரன்னவுட் திடீரென்று குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், டயல் கேஜ் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. பழக்கதோஷத்தில் குழுவுக்கு 5 எடுத்தால், ஐந்தும் ஒரே பக்கம் விழ வாய்ப்பு 16-ல் 1. அதற்கு மேல் கடுமையான விதி வைக்கவே முடியாது, ஏனென்றால் ஐந்து நாணயத்துக்கு அதைவிட அபூர்வமான விளைவு கிடையாது. பத்து எடுத்தாலோ அரை மணிக்கு ஒன்று வீதம் ஒரு குழு சேரவே ஐந்து மணி நேரம். அந்த அண்ணன் மாதிரி ஆளுக்கு இது உதவாது.

குழுவை விட்டுவிட்டு, வரவர எண்ணிக்கையைச் சேர்த்து வைத்தால் என்ன? ஈ. எஸ். பேஜ் 1954-ல் கொடுத்த கியூசம் முறையின் சாரம் அதுதான். நான் போட்டுப் பார்த்த எளிய வடிவம் இது: ஒரு தாளில் 0-வில் ஆரம்பியுங்கள். ரீடிங் 8-க்கு மேலே என்றால் 1 கூட்டுங்கள். கீழே என்றால் 2 கழியுங்கள், ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே போகாதீர்கள். 9-ஐத் தொட்டால் மெஷினை நிறுத்துங்கள். அவ்வளவுதான். சிக்மா வேண்டாம், கால்குலேட்டர் வேண்டாம்.

இதன் பொய் அலாரம் கணக்கு இருக்கிறதே, அதை வீட்டில் போட்டபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. 0-விலிருந்து 1-க்கு ஏற சராசரியாக 2 ரீடிங் ஆகும். தலை விழும் வரை நாணயம் சுண்டுவது போல. 1-லிருந்து 2-க்கு ஏற 4. அதற்கு மேலே ஒவ்வொரு படிக்கும் ஆகும் ரீடிங், முந்தைய இரண்டு படிகளின் கூட்டுத்தொகையோடு 2. ஏன்? தப்பு விழுந்தால் இரண்டு படி சறுக்குகிறீர்கள், அந்த இரண்டையும் மறுபடி ஏற வேண்டும். எனவே 2, 4, 8, 14, 24, 40, 66, 108, 176. ஃபிபோனாச்சி வந்து எட்டிப் பார்க்கிறார்! எல்லாவற்றையும் கூட்டினால் 442. மெஷின் நன்றாக ஓடும்வரை சராசரியாக 442 ரீடிங்குக்கு ஒரு பொய். 370-ஐ விடவும் நல்லது, டிஸ்ட்ரிபியூஷன் எதுவாக இருந்தாலும். இப்போது சென்டர் தேய்ந்து, 8-க்கு மேலே விழும் வாய்ப்பு 0.5-லிருந்து 0.8 ஆகிவிட்டது என்று வையுங்கள். அதே கணக்கை மறுபடி ஓட்டினால் சராசரியாக 19 ரீடிங்கில் 9-ஐத் தொட்டுவிடும். 0.9 ஆகியிருந்தால் 12.

மெமோ வந்த நாளின் ரீடிங் தாளை எடுத்து இந்த விதியை ஓட்டிப் பார்த்தேன். மேல், மேல், கீழ், பிறகு தொடர்ந்து ஐந்து மேல், ஒரு கீழ், பிறகு ஆறு மேல். எண்ணிக்கை 1, 2, 0, அப்புறம் 5 வரை, 3-க்கு இறங்கி, 9. பதினைந்தாவது ரீடிங். முதல் ஷிப்ட் முடிய இன்னும் அரை மணி பாக்கி. இரண்டாவது ஷிப்ட் முழுவதும் தப்பியிருக்கும்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஒரு தாளை ஒட்டிவிடாதீர்கள். நான் ஒரு சின்ன ஏமாற்று வேலை செய்திருக்கிறேன். 8 மைக்ரான்தான் மீடியன் என்று எனக்கு எப்படித் தெரியும்? பழைய ரீடிங்குகளிலிருந்து எடுத்தேன். 100 ரீடிங்கிலிருந்து எடுத்த மீடியன், உண்மையான 50 சதவீதப் புள்ளியிலிருந்து சராசரியாக 5 சதவீதப் புள்ளி அளவுக்கு இப்படியோ அப்படியோ நகர்ந்திருப்பது சகஜம். ½-ஐயும் ½-ஐயும் பெருக்கி 100-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள், 0.05 வரும். நம் நாணயம் 0.5 இல்லை, 0.55 என்று ஆகிவிட்டால் அந்த அழகான 442 என்ன ஆகும் தெரியுமா? 196. பாதிக்கும் கீழே. 400 ரீடிங் வைத்து மீடியன் எடுத்தால் இந்தத் தடுமாற்றம் 2.5 சதவீதமாகப் பாதியாகும். நான்-பாராமெட்ரிக் என்றால் டிஸ்ட்ரிபியூஷன் தெரிய வேண்டாம் என்றுதான் அர்த்தம், டேட்டா வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. மெஷின் நிஜமாகவே நன்றாக ஓடிய நாட்களின் டேட்டா, அதுவும் நிறைய, வேண்டும். வீல் டிரெஸ்ஸிங் செய்த நேரம், பார் மெட்டீரியல் மாறிய நாள் எல்லாவற்றையும் லாக் புக்கைப் பார்த்துப் பிரித்துவிட வேண்டும். என் நாலு வாரத்தில் பாதி இதிலேயே போனது.

பக்கத்தை மட்டும் பார்ப்பதில் ஒரு நஷ்டமும் உண்டு. 8.5 வந்தாலும் "மேல்", 25 வந்தாலும் "மேல்". டேட்டா உண்மையில் நார்மலாக இருந்தால், டி-டெஸ்ட்டோடு ஒப்பிடும்போது சைன் டெஸ்ட்டின் திறன் பெரிய சாம்பிளில் 0.637 தான். இதற்கு மருந்து ரேங்க். 1945-ல் ஃபிராங்க் வில்காக்ஸன் இதைக் கொடுத்தார். அவர் அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தில் வேலை பார்த்த வேதியியலாளர். 1947-ல் மானும் விட்னியும் அதே யோசனையை விரித்தார்கள்.

உதாரணத்துக்கு நானே எடுத்த எண்கள்: பழைய நல்ல ஷாஃப்ட் ஏழு, 5, 6, 7, 8, 9, 11, 14. புதியவை மூன்று, 10, 12, 17. பத்தையும் சேர்த்து வரிசைப்படுத்தினால் புதியவை 6, 8, 10-ஆம் இடத்தில் நிற்கின்றன. கூட்டுத்தொகை 24. மெஷின் மாறவில்லை என்றால் பத்து இடத்தில் எந்த மூன்று இடமும் சம வாய்ப்பு, மொத்தம் 120 விதம். அதில் 24-ம் அதற்கு மேலும் வருவது 7 விதம். 17-ல் 1-ஐ ஒட்டிய வாய்ப்பு, அலாரம் அடிக்கும் அளவுக்கு அபூர்வம் இல்லை. சாம்பிள் சின்னது என்பதால் இப்படி. பழையது 100, புதியது 5 என்று எடுத்தால் 9 கோடியே 65 லட்சம் விதங்களுக்கு மேல் வரும், நமக்கு வேண்டிய இடத்தில் கோடு போட்டுக்கொள்ளலாம். சைன் சார்ட்டில் ஐந்தை வைத்து மாட்டிக்கொண்டோமே, அந்தத் தொல்லை இங்கே இல்லை. திறனும் கையைக் கடிக்காது. டேட்டா நார்மலாகவே இருந்தாலும் 0.955. இடம் மட்டும் நகரும் எந்த டிஸ்ட்ரிபியூஷனுக்கும் 0.864-க்குக் கீழே போகாது என்பதை 1956-ல் ஹாட்ஜஸும் லேமனும் நிரூபித்தார்கள்.

மேலே உள்ள 17-ஐ 170 என்று மாற்றினாலும் கூட்டுத்தொகை 24 தான். யாரோ தசமப் புள்ளியைத் தப்பாக வைத்ததற்காக மெஷின் நிற்காது, நல்லது. ஆனால் அந்த 170 நிஜமாக இருந்தால்? ரேங்க் சார்ட் வாயே திறக்காது. அதனால் ஸ்பெசிஃபிகேஷன் தாண்டிய தனி ஷாஃப்டைப் பிடிக்கும் வேலையைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். மெஷின் மெதுவாக நகர்வதைப் பிடிப்பதுதான் இந்தச் சார்ட்டுகளின் வேலை.

தேடும்போது வில்காக்ஸன் பெயரிலேயே இன்னொன்று கிடைக்கும், சைன்ட் ரேங்க். 1979-ல் பாகீரும் ரெனால்ட்ஸும் அதை கியூசத்தோடு சேர்த்து எழுதிய கட்டுரை இந்தத் துறையில் முக்கியமானது. ஆனால் அது டேட்டா மீடியனுக்கு இருபுறமும் சமச்சீராக இருக்க வேண்டும் என்று கேட்கும். ரன்னவுட் சமச்சீர் இல்லை. பெயரில் நான்-பாராமெட்ரிக் என்று இருக்கிறதே என்று எடுத்துப் போட்டுவிட்டு, நான் ஒரு வாரம் தப்பான கணக்கோடு சுற்றினேன்.

இன்னும் இரண்டு விஷயம், பாடப் புத்தகம் சாவகாசமாகத் தாண்டிவிடும், ஷாப் ஃப்ளோர் விடாது. ஒன்று, டை. கேஜ் ஒரு மைக்ரான்தான் காட்டும் என்றால் அச்சு அசல் 8 என்று எத்தனையோ ரீடிங் வரும். அது மேலா, கீழா? நான் அந்த ரீடிங்கை எண்ணாமல் விட்டுவிட்டு அடுத்த ஷாஃப்டை எடுத்தேன். அடிக்கடி நடந்தால் இன்னும் நுட்பமான கேஜ் வேண்டும் என்று அர்த்தம். இரண்டு, ரீடிங்குகள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். அடுத்தடுத்த ஷாஃப்ட் ஒரே சூட்டில், ஒரே வீல் முனையில் வருவதால் ஒன்று மேலே என்றால் அடுத்ததும் மேலே வரப் பார்க்கும். அப்போது அது நாணயமே இல்லை. அரை மணி இடைவெளி எனக்கு அந்த வகையில் உதவியது. இடைவெளி இல்லாமல் நூறு சதவீதம் அளக்கும் ஆட்டோமேட்டிக் கேஜிங் லைனில் இந்த +1, −2 விதியை அப்படியே போட்டால் பழையபடி பொய் அலாரம்தான்.

கடைசி நாள் அந்தத் தாளை அண்ணனிடம் காட்டினேன். மேலே ஒன்று, கீழே ரெண்டு, ஒன்பதில் நிறுத்து. உடனே புரிந்துகொண்டார். "பரமபதம் மாதிரி இருக்குதுங்க" என்றார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், டிராயரைத் திறந்து ஒரு கிளிப்பில் மாட்டிய விளக்கச் சீட்டுக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அப்ப இதெல்லாம் என்ன கணக்குங்க தம்பி?"

என் ரிப்போர்ட்டில் அந்தச் சீட்டுகளை ஒரு பட்டியலாகப் போட்டேன். தேதி, ரீடிங், அன்றைக்கு என்ன காரணம் கண்டுபிடித்தார்கள் என்று. கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் இருந்தது. மெமோவைத் திரும்ப வாங்கினார்களா என்பது நான் கிளம்பும்வரை தெரியவில்லை. அந்தத் தாளை மட்டும் மெஷின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டிவிட்டு வந்தேன்.